அத்தா லெப்பையான நாள்

தாலுகா ஆபீஸ் எழுத்தரின் ஆள்காட்டி விரலில் நீல மை படிந்திருந்தது. அந்த விரல் ஒரு பழைய அச்சுப் புத்தகத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அத்தாவும் நின்றிருந்தோம். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். தலையிலிருந்த தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதன் வெள்ளை ஓரம் வெளியே தெரிந்தது.

"ராவுத்தர்னு தனியா இல்லீங்களே பாய்," என்றார் எழுத்தர்.

"நல்லாப் பாருங்க சார். ராவுத்தர். அந்தக் காலத்துல குதிரை வச்சிருந்தவங்க."

"குதிரையெல்லாம் இந்தப் புஸ்தகத்துல வராதுங்க. இங்க பாருங்க. லெப்பைன்னு போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ராவுத்தர், மரைக்காயர் உட்படன்னு இருக்குது. அப்ப நீங்க லெப்பைதானுங்க."

"நாங்க லெப்பை இல்லீங்க."

அத்தாவின் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒருமுறை, அத்தாவை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு இந்தச் சலுகை வராதுங்க. புள்ளை ஓ.சி.யில, பொதுப் பிரிவுல அப்ளிகேசன் போடட்டும். எதுங்க வேணும், நீங்களே சொல்லுங்க."

அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பதினேழு வயசுப் பெண்ணை ரோட்டில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போன அப்பா அந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மார்க் மோசமில்லை. ஆனால் பொதுப் போட்டியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று சான்றிதழ் இருந்தால் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிடைக்காவிட்டால் என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. சுபைதா மாமி வேலை பார்த்த பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில், அவளுக்குப் பக்கத்து ஸ்டூல் எனக்கு.

அத்தாவின் கூடப் பிறந்த ஒரே தங்கை சுபைதா. எங்கள் வீடுகளில் அத்தாவின் தங்கையை மாமி என்போம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தாள்.

தெருவில் பாய், வீட்டில் ராவுத்தர்

காதர்பேட்டையில் ஒரு மொத்த பனியன் கடையில் அத்தா சரக்கு எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தார். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது. முதலாளிக்கும் பாய், டீக்கடைக்காரருக்கும் பாய், மூட்டை ஏற்றுகிறவருக்கும் பாய். கடைக்கு வடக்கேயிருந்து வரும் வியாபாரிகள் தொப்பியைப் பார்த்ததும் இந்தியில் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அத்தாவுக்கு இந்தியும் தெரியாது, உருதும் தெரியாது. தாராபுரத்துத் தமிழ் மட்டும்தான். நெற்றி நிறைய விபூதி பூசிய பழனிசாமி அண்ணன் பக்கத்துக் கடையிலிருந்து ஓடி வந்து அத்தாவுக்கு இந்தியைத் தமிழாக்கிச் சொல்வார். வந்த வியாபாரிகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அவர் ராவுத்தர் ஆகிவிடுவார். கையெழுத்துப் போட்டாலும் காதர் மைதீன் ராவுத்தர் என்று முழுசாகப் போடுவார். ரேஷன் கடை நோட்டில் அத்தனை நீளத்துக்கு இடம் இருக்காது. பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிடும்.

ராவுத்தர் என்றால் குதிரைக்காரர். எங்கள் முன்னோர் குதிரை வாங்கி விற்றார்கள், ராஜாக்களின் படையில் இருந்தார்கள் என்று அத்தா சொல்வார். அவர் வாழ்நாளில் ஏறியது சைக்கிளும் டவுன் பஸ்ஸும்தான். நாங்கள் சிரித்தால் கோபம் வந்துவிடும்.

லெப்பை என்று எங்கள் பக்கத்தில் சொன்னது வேறு ஆட்களை. பள்ளிவாசலில் தொழ வைப்பவர், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர், வீடு வீடாக வந்து பாத்திஹா ஓதிவிட்டு அரிசி வாங்கிப் போகிறவர். அவருக்குச் சலாம் சொல்வார்கள், முன்னால் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். பெண் மட்டும் கொடுக்க மாட்டார்கள். எல்லா ஊரிலும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் இப்படி.

ஒரு சின்னக் கோடு

இத்தனை சிக்கலுக்கும் ஆரம்பம் அத்தாவேதான்.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் மதம் என்ன என்று கேட்டார். இஸ்லாம் என்றார் அத்தா. ஜாதி என்ன என்று கேட்டார். அத்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க மார்க்கத்துல ஜாதி கிடையாதுங்க சார். எல்லாரும் ஒரே வரிசையில நின்னு தொழுகறவங்க," என்றாராம். தலைமையாசிரியர் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டார். பெரிய மனுஷத்தனமான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியோடு அத்தா வீட்டுக்கு வந்தார். பல வருஷம் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

எங்கள் ஜனங்களில் படித்தவர், படிக்காதவர் எத்தனையோ பேர் செய்த தப்புதான் இது. தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்ன பதில். ஆனால் அந்தக் கோடு பன்னிரண்டு வருஷம் என் கூடவே வந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஜாதி என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஜாதி சொல்லாதவர்கள் எல்லாருமே சர்க்கார் கணக்கில் முன்னேறியவர்கள்தான்.

யூசுப் அண்ணன்

ஜாதி இல்லை என்று சொன்ன அதே வாய்தான் மூன்று வருஷம் கழித்து இன்னொன்றும் சொன்னது. அப்போது எனக்கு ஒன்பது வயசிருக்கும்.

எங்கள் பள்ளிவாசலின் லெப்பை, காசிம் லெப்பை. அவருடைய மகன் யூசுப் அண்ணன், மாமி வேலை பார்த்த கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைத்தார். அவர் தைத்து அனுப்பிய பனியன்கள்தான் மாமியின் மேசைக்கு வரும். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று மாமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நல்லது ஒரு பக்கம், பழுதான செகண்ட்ஸ் ஒரு பக்கம். யூசுப் அண்ணன் தைத்ததில் செகண்ட்ஸே விழாது என்று அம்மாவிடம் சொன்னாள். தேவையில்லாமல் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காசிம் லெப்பையே வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டார். நடுவில் ஆள் வைக்கவில்லை. துவைத்த வெள்ளைச் சட்டையும், தோளில் பச்சைத் துண்டும். அத்தா அவரை உட்காரச் சொன்னார். டீ கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க. ராவுத்தர் ஊட்டுப் புள்ளைய லெப்பை ஊட்டுக்குக் குடுக்கற வழக்கம் எங்கள்ல இல்லீங்க."

"சரிங்க ராவுத்தரே," என்றார் காசிம் லெப்பை. டம்ளரைத் தரையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

மாமி கதவுக்குப் பின்னால் இருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் யூசுப் அண்ணனுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. மாமிக்கு வந்த நாலைந்து இடங்களை அவளே தட்டிக் கழித்தாள். பிறகு யாரும் வரவில்லை. சுபைதா கல்யாணம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் நின்றுபோனது.

"யாரு கொண்டாந்தா?"

தாலுகா ஆபீசிலிருந்து வந்து இரண்டு நாள் அத்தா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமிதான் பேச்சை எடுத்தாள். "ஒரு பேருக்காவப் புள்ளையச் செக்கிங்குல கொண்டாந்து உக்கார வைக்கப் போறீங்களாணா?" என்று கேட்டாள். அத்தா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுபடி போனபோது எழுத்தர் பொறுமையாக வழி சொன்னார். பள்ளிக்கூட ரிக்கார்டில் ஒன்றும் இல்லாததால், குடும்பம் எந்த வகுப்பு என்று பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து கடிதம் வேண்டும். பிறகு ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அதற்கப்புறம் சான்றிதழ்.

ஜமாத் கடிதத்தை எழுதுகிறவர் காசிம் லெப்பை. கல்யாணப் பதிவு நோட்டு அவரிடம்தான் இருந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த பிறகு, பள்ளிவாசலை ஒட்டிய அவர் வீட்டுக்குப் போனோம். "வாங்க ராவுத்தரே, உக்காருங்க," என்றார். அத்தா உட்கார்ந்தார். கடைசியில் நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

காசிம் லெப்பை பீரோவிலிருந்து ஒரு கனத்த நோட்டை எடுத்து வந்தார். அட்டை ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. கற்பூர வாசம் அடித்தது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த நிக்காஹ் பதிவான பக்கத்தைத் தேடி எடுத்தார். அத்தாவின் பெயர், அவருடைய அத்தாவின் பெயர், இரண்டுக்கும் பின்னால் ராவுத்தர் என்று அழகாக எழுதியிருந்தது.

"இதுல ராவுத்தர்னு இருக்குது. அவங்களுக்கு லெப்பைன்னு வேணும். ரெண்டையும் சேத்தே எழுதிர்றனுங்க," என்றார்.

எழுதி முடித்துவிட்டு ஒருமுறை வாசித்துக் காட்டினார். 'மேற்படி குடும்பத்தார் லெப்பை வகுப்பில் அடங்கிய ராவுத்தர்கள்' என்ற வரி வந்தபோது அத்தா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டனுங்க," என்றார் அத்தா. அங்கே போன பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"லெப்பைன்னு எழுதறதுல எனக்கென்னங்க சிரமம்? பொறந்ததுலருந்து எழுதிட்டிருக்கறதுதானுங்களே."

அவர் குத்திக்காட்டினாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழைய விஷயத்தை ஒரு சொல்கூட எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அத்தாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து ஒரு பெண் டீ கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று. யூசுப் அண்ணனின் மனைவி. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டாள், "கடுதாசி குடுத்தாங்களா கண்ணு?"

"குடுத்துட்டாங்க மாமி."

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"யாரு கொண்டாந்தா?"

சொன்னேன். மாமி தலையை ஆட்டிவிட்டு, மடியிலிருந்த பனியனில் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். கம்பெனியிலிருந்து வீட்டுக்கும் வேலை கொண்டு வருவாள். சின்னக் கத்திரியில் நூலை நறுக்கும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வாயால் சொல்ல வேண்டியது

ஆர்.ஐ. சைக்கிளில் வந்தார். வயர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர்.

"பக்கத்து ஊடுகள்ல விசாரிச்சனுங்க. நல்ல மனுசங்க, பாய்ங்கன்னு மட்டும் சொல்றாங்க. எந்த வகுப்புன்னு ஒருத்தருக்கும் தெரியல," என்று சிரித்தார். "ஜமாத் கடுதாசி சரியா இருக்குது. இருந்தாலும் விசாரணைன்னா நீங்க வாயால சொன்னதா நான் எழுதோணும். சொல்லுங்க, நீங்க எந்த வகுப்புங்க?"

அத்தா சுவரைப் பார்த்தார். உள் அறையில் கத்திரிச் சத்தம் நின்றது.

"லெப்பைங்க."

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சிங்க."

"அவங்களும் அதேதானுங்களே?"

இது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டு அவர் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாங்க. என் தங்கச்சியும் லெப்பைதானுங்க."

ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கத்திரிச் சத்தம் திரும்ப ஆரம்பிக்க வெகுநேரம் ஆனது.

எனக்கு அப்போது அழுகை வந்தது. எனக்காகத்தானே இவர் இதைச் சொன்னார் என்று அத்தாவுக்காகவும் அழுகை வந்தது. இதை இவர் எட்டு வருஷம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று மாமிக்காகவும் வந்தது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று பதினேழு வயசில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது

சான்றிதழ் கடைசி நாளுக்கு முந்தைய நாள் கிடைத்தது. அத்தா அதைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் சொருகிக் கொண்டு வந்தார். படிவத்தில் இடம் கொஞ்சம்தான். அடைப்புக்குறியெல்லாம் அதில் இல்லை. என் பெயர், அத்தாவின் பெயர், இஸ்லாம், லெப்பை. அவ்வளவுதான். அத்தாவின் பெயரிலும் ராவுத்தர் இல்லை, வெறும் காதர் மைதீன்.

அந்தக் காகிதத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது. முப்பது வருஷமாகச் சோறு போடுவதும் அதுதான். சர்க்கார் என்னை ஒரு கட்டத்தில் உட்கார வைத்தது என்று வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. கட்டத்துக்கு வெளியே நின்றிருந்தால் நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குடு பாக்கலாம் என்று வாங்கினாள். ஜன்னலோரம் போய், பனியனைப் பார்க்கிற மாதிரியே இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழே வாசித்தாள். வாசித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து வந்தாள்.

"எட்டு வருசத்துக்கு முந்தியே இந்தக் காயிதத்த வாங்கியிருக்கலாமேணா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் எதையோ வாங்க மறந்துவிட்டு வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மாமி சான்றிதழை என்னிடம் கொடுத்து, "மடிக்காம வையி கண்ணு," என்றாள்.

அந்தப் பேச்சு அதன் பிறகு எங்கள் வீட்டில் வரவே இல்லை.

நான் படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் முடிவானது. பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போயிருந்தோம். அச்சுக்காரர், "உங்க பேருக்குப் பின்னால ராவுத்தர் போடோணுமுங்களே?" என்று அவராகவே கேட்டார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கையெழுத்து அது. "வேண்டாமுங்க," என்றார் அத்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பத்திரிகைகள் வந்ததும் முதல் பத்திரிகையைக் காசிம் லெப்பை வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும் என்றார் அத்தா. குளித்து, துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். உள் அறை வாசலில் வந்து நின்றார்.

"சுபைதா, நீயும் வா. ரெண்டு பேருமாப் போயிக் கூப்பிட்டுட்டு வருவோம்."

மாமி மடியிலிருந்த பனியனை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கணா. எனக்குக் கம்பெனிக்கு நேரமாச்சு."

அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு.